எங்கள் ஸ்பீட்வே கிளப் அடுத்த சீசன் ஓடுமா?

நான்காம் வளைவு — வியாழன், இரவு 11.20

ரேஸ் மீட்டிங் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தலைமுடியில் இன்னும் டிராக்கின் ஷேல் மண் தூள் இருக்கிறது. படுத்தால் தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பதினோராவது ஹீட், அதாவது பதினோராவது ஓட்டம், முடிந்ததும் கிளப்பை நடத்தும் எங்கள் புரமோட்டர் மைக்கை வாங்கினார். வழக்கமாக அடுத்த வாரம் யார் வருகிறார்கள் என்று சொல்லத்தான் வாங்குவார். இன்றைக்கு வேறு விஷயம். இந்த சீசனில் இங்கே நடந்த மீட்டிங்குகளில் பெரும்பாலானவை நஷ்டம், கைக்காசைப் போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், இப்படியே போனால் அடுத்த மார்ச்சில் கதவு திறக்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்த பிறகு டிராக்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சுற்றிப் பார்த்தேன். நான் முதல் தடவை வந்தபோது, பதினான்கு வருஷம் முன்னால், நான்காவது வளைவில் நிற்க இடம் பிடிக்க ஆறரைக்கே வர வேண்டும். இன்று ஏழேகாலுக்குப் போய் கம்பியில் சாய்ந்து நின்றேன். என் இரண்டு பக்கமும் ஆளே இல்லை.

இந்தக் குழுவில் இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் ஸ்பீட்வே பார்க்கிறவர்கள் என்று தெரியும். உங்கள் பக்கத்து கிளப்பிலும் இதே கதைதானா? கூட்டம் ஏன் குறைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை.


நிலாமுற்றம் — வியாழன், இரவு 11.41

அண்ணா, மன்னிக்கவும், ஸ்பீட்வே என்றால் என்ன? கார் ரேஸா?


நான்காம் வளைவு — வெள்ளி, காலை 12.05

கார் இல்லை தங்கச்சி, பைக். நீள்வட்டமான மண் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டும் திரும்புவார்கள். 500 சிசி எஞ்சின், ஒரே சிலிண்டர், மெத்தனாலில் ஓடும், ஒரே கியர். பிரேக் கிடையாது. நிஜமாகவே கிடையாது. வளைவில் பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு கட்டிய இடது பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரும்புவார்கள். பைக் இடப்பக்கம் சாயும், முன் சக்கரம் வலப்பக்கம் பார்க்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நான்கு பேரும் சேர்ந்து விழப்போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஒரு ஹீட் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. அணிக்கு ஏழு பேர். ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இரண்டு பேர். லீக் மீட்டிங் என்றால் 15 ஹீட். புரோகிராமில் நாமே பேனாவால் புள்ளி எழுதிக்கொண்டு வருவோம். அதுதான் பாதி சுகம்.


பழைய ஸ்டாண்டு — வெள்ளி, காலை 7.30

தம்பி, உங்கள் புரமோட்டர் வெளிப்படையாகச் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம். பல இடங்களில் கதவைப் பூட்டிய பிறகுதான் ரசிகனுக்குச் சேதி வரும்.

நான் வந்து இறங்கியது எழுபதுகளின் கடைசியில். 1981ல் வெம்ப்ளியில் நடந்த உலக இறுதிப் போட்டிக்கு என்னோடு வேலை பார்த்தவர் கூட்டிக்கொண்டு போனார். தொண்ணூறாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். அமெரிக்காக்காரர் புரூஸ் பென்ஹால் ஜெயித்தார். வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டி அதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இந்த நாட்டில் ஸ்பீட்வே வேர் பிடித்தது 1928 பிப்ரவரி 19ல், எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில். ஆஸ்திரேலியாவில் வெஸ்ட் மெய்ட்லாண்டில் 1923லேயே ஓட்டியிருக்கிறார்கள். ஹை பீச்சுக்கு முப்பதாயிரம் பேர் வரை வந்ததாகச் சொல்வார்கள். ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்தது அதில் ஒரு சின்னப் பங்குதான். லண்டனில் மட்டும் வெம்ப்ளி, வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், ஹாக்னி, ஒயிட் சிட்டி என்று எத்தனை டிராக் இருந்தன! இன்றைக்கு லண்டனில் ஒன்றுகூட இல்லை. ஹாக்னி ஸ்டேடியம் இருந்த இடம் ஒலிம்பிக் பூங்காவுக்குள் போய்விட்டது. விம்பிள்டனில் 2005ல் வாடகைத் தகராறில் ஸ்பீட்வே நின்றது, இப்போது அந்த இடத்தில் கால்பந்து மைதானம்.

கூட்டம் ஏன் வரவில்லை என்று கேட்டால் நான் ஒரே வார்த்தையில் சொல்வேன்: கெஸ்ட். நம் ரைடர் இல்லாதபோது வேறு கிளப்பிலிருந்து ஒரு மீட்டிங்குக்கு மட்டும் கொண்டுவரும் ஆள். போன வாரம் எதிரணியில் ஓட்டி நம்மைத் தோற்கடித்தவன் இந்த வாரம் நம் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். எவனுக்குக் கை தட்டுவது? என் காலத்தில் ஒரு ரைடர் பத்து வருஷம் ஒரே கிளப்பில் இருப்பான். அவன் பெயரைச் சொல்லித்தான் பிள்ளைகள் டிராக்குக்கு வருவார்கள்.


பதிமூணு ஸ்பேனர் — வெள்ளி, காலை 8.15

ஐயா, கெஸ்ட் பற்றிச் சொன்னது பாதி சரி. ரைடரின் கால் எலும்பு உடைந்தால் கிளப் என்ன செய்யும்? ஆறு பேரோடு ஓட்டினால் அதற்கும் நீங்கள் திட்டுவீர்கள்.


நான்காம் வளைவு — வெள்ளி, காலை 8.40

காயத்துக்கு கெஸ்ட் வருவதை நான் ஒத்துக்கொள்வேன். ஆனால் ரைடர் வேறு நாட்டு லீக்கில் ஓட்டப் போய்விட்டார், அதனால் கெஸ்ட் என்கிறபோதுதான் எரிச்சல் வருகிறது. அதைவிட என்னை வாட்டுவது வேறொன்று. மேல் லீக்கில் மொத்தமே ஆறு, ஏழு கிளப்தான். 2021ல் ஆறு. ஒரே அணி ஒரு சீசனில் திரும்பத் திரும்ப வருகிறது. லீக், கோப்பை, அப்புறம் பிளே ஆஃப். ஜூலையில் பார்த்த அதே ஏழு முகங்கள் ஆகஸ்ட்டில் மறுபடி. சீசன் டிக்கெட் வைத்திருக்கிற நானே, இன்றைக்கு யார், ஓ அவர்களா, சரி மழை வருகிற மாதிரி இருக்கிறது, வீட்டிலேயே இருக்கலாம் என்று இரண்டு தடவை நினைத்துவிட்டேன். எனக்கே அப்படியென்றால் வாசலில் காசு கொடுத்து வருகிறவர்களை என்ன சொல்ல?


கணக்கப்பிள்ளை — வெள்ளி, மதியம் 1.10

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நான் தொழிலால் கணக்கர். உங்கள் கிளப்பின் புத்தகம் என் கையில் இல்லை, அதனால் கீழே இருப்பவை எல்லாம் புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். எந்த கிளப்பின் உண்மைக் கணக்கும் இல்லை.

ஒரு ஹீட்டில் 6 புள்ளி. 15 ஹீட்டில் 90. சமமாக ஓட்டினால் ஓர் அணிக்கு 45. ரைடர்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி. சராசரியாகப் புள்ளிக்கு 80 பவுண்டு என்று வைத்தால், ஒரு மீட்டிங்குக்கு 3,600 பவுண்டு. இதில்தான் வெளியாள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெளியூர் மீட்டிங்குக்கும் உங்கள் ரைடருக்கு உங்கள் கிளப்தான் கூலி கொடுக்கிறது. வாசல் வசூலோ அந்த ஊர்க்காரருக்கு. ஆக, சொந்த மண்ணில் நடக்கும் ஒரு மீட்டிங், இரண்டு மீட்டிங்கின் கூலியைச் சுமக்க வேண்டும். 7,200.

இப்போது வசூல். சலுகை டிக்கெட்டையும் சேர்த்து ஆளுக்குச் சராசரி 16 பவுண்டு. இதில் 20 சதவீத வாட் வரியைக் கழித்தால் கையில் நிற்பது 13.33. ஆயிரம் பேர் வந்தால் 13,333. கூலி போக மீதி ஏறக்குறைய 6,100.

எழுநூறு பேர் வந்தால்? 9,333. கூலி போக 2,133.

கூட்டம் குறைந்தது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியோ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இந்த 2,133க்குள்தான் ஸ்டேடியம் வாடகை, ஆம்புலன்ஸ், டாக்டர், காப்பீடு, விளக்கு மின்சாரம், ஷேல், டிராக்டர் டீசல், ஏர் ஃபென்ஸ் (காற்றடைத்த பாதுகாப்பு வேலி) பழுது எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. நான்காம் வளைவு பக்கத்தில் ஆளில்லை என்று எழுதினாரே, அந்தக் காலி இடம்தான் இந்த நஷ்டம். ஸ்டேடியம் முழுக்கக் காலியாக வேண்டாம், ஒரு வளைவு காலியானாலே போதும்.


நான்காம் வளைவு — வெள்ளி, மதியம் 1.32

இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெளியூர் மீட்டிங்கின் கூலியும் நம் தலையில் என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.


பழைய ஸ்டாண்டு — வெள்ளி, மதியம் 2.00

அப்படியென்றால் புள்ளிக்கு 80 கொடுப்பானேன்? 40 கொடுங்கள். அவ்வளவுதானே?


பதிமூணு ஸ்பேனர் — வெள்ளி, மாலை 6.45

ஐயா, கோபப்படாமல் எழுத முயற்சி செய்கிறேன்.

நான் மூன்று சீசன் ஒரு இளம் ரைடருக்கு மெக்கானிக்காகப் போனவன். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. அந்தப் பையன் கிளப்பின் ஊழியன் கிடையாது, சுயதொழில்காரன். வேன் அவனுடையது. இரண்டு பைக்கும் அவனுடையது. எஞ்சினைச் சில மீட்டிங்குக்கு ஒரு தடவை பிரித்துப் பார்க்க வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த ட்யூனர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். டயர், கிளட்ச் தகடு, செயின், மெத்தனால், வழிச்செலவு எல்லாம் அவன் பையில் இருந்து. ஒரு ராத்திரி நாலு ஹீட் ஓட்டி 3 புள்ளி எடுத்தான். நீங்கள் சொல்கிற 40 கணக்கில் 120 பவுண்டு. அதே ராத்திரி விழுந்ததில் முன் சக்கரமும் ஹேண்டில்பாரும் போனது. அவன் அப்பா மறுநாள் வேலைக்குப் போவதற்கு முன்னால் காலை நான்கு மணிக்கு என்னோடு உட்கார்ந்து ஸ்போக் மாற்றினார்.

கூலியைப் பாதியாக்கினால் பெரிய ரைடர்கள் போலந்துக்கும் ஸ்வீடனுக்கும் போய்விடுவார்கள், இப்போதே பாதிப் பேர் அங்கேதான். சின்ன ரைடர்கள் வண்டியை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவார்கள். அப்புறம் கெஸ்ட் கொண்டுவரக்கூட ஆளிருக்காது.


பழைய ஸ்டாண்டு — வெள்ளி, மாலை 7.20

சரி தம்பி. 40 என்று சொன்னது வாய் தவறியது. மன்னிக்கவும்.


ஷேல் புழுதி — வெள்ளி, இரவு 9.05

நான் டிராக் வேலைக்குப் போகிறவன். வேறொரு கிளப், ஊர் வேண்டாம். கணக்கப்பிள்ளை அண்ணையின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: மழை.

ஷேல் என்பது களிமண்ணும் உடைகல்லும் கலந்தது. அதில் ஈரம் அளவாக இருக்க வேண்டும். காய்ந்தால் தூள் பறந்து ரைடருக்குக் கண் தெரியாது, பின்னால் வருகிறவனுக்கு ஓவர்டேக் செய்யப் பிடிமானமும் இருக்காது. அதனால் மதியத்திலிருந்து தண்ணீர் வண்டி விட்டு, மண்ணைச் சமப்படுத்தும் கிரேடர் இழுத்து, வெளிப்பக்கம் சேர்ந்த மண்ணை உள்ளே கொண்டுவந்து ஒரு பதத்துக்குக் கொண்டுவருவோம். அந்தப் பதத்தில் ஐந்து மணிக்கு ஒரு பெருமழை விழுந்தால் எல்லாம் போச்சு. நடுவர் நடந்து பார்ப்பார், பூட்ஸ் புதைந்தால் ரத்து.

ரத்தானால் வசூல் பூஜ்யம். செலவு பூஜ்யம் இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, வருகிற அணி பாதி வழி வந்தாயிற்று, டீசல் எரிந்தாயிற்று. அந்த மீட்டிங்கை வேறு ஒரு நாளில் வைக்க வேண்டும். எந்த நாளில்? போலந்து லீக் வெள்ளியும் ஞாயிறும், ஸ்வீடன் செவ்வாய். மிச்சம் இருக்கும் திங்கள், வியாழனை நாங்கள் ஏற்கெனவே எடுத்தாயிற்று. ரைடர் கிடைக்கும் நாளில் ஸ்டேடியம் கிடைக்காது, ஸ்டேடியம் கிடைக்கும் நாளில் ரைடர் கிடைக்க மாட்டான். அப்புறம் ஐயா சொன்ன அந்த கெஸ்ட்தான்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் குறைந்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். திங்கள் இரவு பத்து மணிக்கு முடிந்து, வீடு போய்ச் சேரப் பதினொன்று. மறுநாள் பள்ளிக்கூடம். எந்தத் தாய் அனுப்புவாள்? பழைய காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் அதற்கென்று ஒரு இரவு இருந்தது, ஊரே அந்த இரவைச் சுற்றி ஓடும்.


நிலாமுற்றம் — வெள்ளி, இரவு 10.30

இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டிருந்தேன். நாளை சனிக்கிழமை எங்கள் ஊரிலிருந்து அரை மணி தூரத்தில் ஒரு மீட்டிங் இருப்பதாகப் போட்டிருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். காது மூடி வேண்டுமா?


பதிமூணு ஸ்பேனர் — வெள்ளி, இரவு 10.34

சின்னவர்களுக்குக் கட்டாயம். வெள்ளைச் சட்டை போடாதீர்கள். வளைவில் முன்வரிசையில் நிற்காதீர்கள், நின்றால் வீட்டில் போய்த் துவைக்கும்போது என்னைத் திட்டாதீர்கள்.


கணக்கப்பிள்ளை — சனி, காலை 9.50

வாடகை பற்றித் தனியாக எழுத வேண்டும். நேற்று ஒரு வரியில் தாண்டிவிட்டேன்.

கூட்டம் குறைந்ததால் கிளப் மூடுகிறது என்று எல்லோரும் பேசுகிறோம். சமீப வருஷங்களில் மூடிய பெரிய கிளப்களைப் பாருங்கள். ஸ்விண்டன் 2019ல் லீக் சாம்பியன். அதுதான் அவர்கள் ஓட்டிய கடைசி சீசன். பீட்டர்பரோ 2021ல் சாம்பியன், 2023 சீசனோடு மைதானம் கைவிட்டுப் போனது, அங்கே வேறு கட்டுமானத் திட்டம். வுல்வர்ஹாம்ப்டன் அதே 2023ல், மான்மோர் கிரீன் மைதானத்தின் குத்தகை நீட்டிக்கப்படாததால் நின்றது. கவெண்ட்ரி பிராண்டன் ஸ்டேடியத்தில் கடைசியாக ஓட்டியது 2016ல். அங்கே வீடு கட்டக் கேட்ட அனுமதியை 2022ல் உள்ளூர் மன்றம் மறுத்தது. ஆனால் அதற்குள் கட்டடம் தீயிலும் உடைப்பிலும் சிதைந்துபோனது.

இந்த நாலு கிளப்களும் நல்ல அணி வைத்திருந்தவை. ஆள் வராமல் போனதால் மட்டும் மூடியவை அல்ல. நிலம் அவர்களுடையது அல்ல, அவ்வளவுதான். ஊர் வளர வளர மைதானத்தின் விலை ஏறும், புள்ளிக் கணக்கில் எவ்வளவு ஜெயித்தாலும் வீட்டு மனைக் கணக்கில் ஸ்பீட்வே தோற்றுவிடும். நாய்ப்பந்தயத்தோடு பங்கு போட்டால் அவர்கள் நாள் முதலில், ஸ்டாக் கார் பந்தயத்தோடு பங்கு போட்டால் அவர்கள் குதறிவிட்டுப் போன பாதையை ஷேல் புழுதி மாதிரி ஆட்கள் ராத்திரி பகலாகச் சரி செய்ய வேண்டும்.


ஷேல் புழுதி — சனி, காலை 10.20

ஸ்டாக் கார் பற்றி என்னைக் கிளறாதீர்கள். போன வருஷம் இரண்டாம் வளைவில் ஒரு பம்பர் துண்டு மண்ணுக்குள் புதைந்திருந்தது. கிரேடர் இழுக்கும்போது வெளியே வந்தது. ரைடர் சக்கரத்தில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.


நான்காம் வளைவு — சனி, காலை 11.00

கணக்கப்பிள்ளை அண்ணா, நீங்கள் சொன்ன நாலும் சரி. ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஈஸ்ட்போர்ன் 2021ல் சீசன் நடுவிலேயே விலகியது. நியூகாசில் 2022ல் அதே மாதிரி. பர்மிங்காம் 2014ல். அவை நிலப் பிரச்சினையால் நடு சீசனில் நின்றவை இல்லை. வொர்கிங்டன் 2018ல் லீக், கோப்பை என்று மூன்று பட்டம் ஜெயித்தது, அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் விலகிவிட்டது. ஊரே கொண்டாடிய வருஷத்தில்!

சொந்தக் கூரை கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. மான்செஸ்டரில் பெல் வியூவுக்கு 2016ல் புது ஸ்டேடியம். தேசிய ஸ்பீட்வே ஸ்டேடியம் என்று பெயர். திறப்பு விழா இரவில் ஆட்கள் எல்லாம் வந்த பிறகு டிராக் சரியில்லை என்று போட்டியையே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த வருஷ முடிவில் கிளப்பை நடத்தியவர்களே மாற வேண்டிய நிலை. இப்போது அங்கே நன்றாக ஓடுகிறது. பிரிட்டன் அணி 2021லும் 2024லும் உலக அணிப் பட்டத்தை வென்றது அதே மைதானத்தில்தான். நானும் 2021ல் போயிருந்தேன், தொண்டை போய்விட்டது.

அந்த வெற்றிக்கு அடுத்த வாரம் எங்கள் கிளப்பில் ஆள் கூடியதா? இல்லை. டாய் வொஃபிண்டன் 2013, 2015, 2018 என்று மூன்று தடவை உலக சாம்பியன். அப்போதும் இல்லை. உலக சாம்பியன் யார் என்று தெருவில் போகிற பத்துப் பேரைக் கேளுங்கள்.


பழைய ஸ்டாண்டு — சனி, மதியம் 12.15

போலந்தில் கேட்டால் பத்துப் பேரும் சொல்வார்கள். டோருன் மோட்டோஅரீனாவுக்கு 2015ல் மகனோடு போனேன். 2009ல் கட்டியது, பாதியளவுக்குக் கூரை, பாட்டிமார் கழுத்துத் துண்டு கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே நகராட்சியே ஸ்டேடியத்துக்குச் செலவழிக்கிறது. கால்பந்துக்குச் சமமாக நிற்கிற ஊர்கள் உண்டு.

இங்கே 1940களின் கடைசியில் அப்படித்தான் இருந்ததாம். பிறகு கேளிக்கை வரி கழுத்தை நெரித்தது, தொலைக்காட்சி வந்தது, ஐம்பதுகளின் நடுவில் ஏறக்குறைய செத்தே போனது. 1960ல் சின்ன கிளப்கள் சேர்ந்து பிராவின்ஷியல் லீக் என்று ஒன்றை ஆரம்பித்து உயிர் கொடுத்தன. 1965ல் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லீக். அதாவது இது ஒரு தடவை செத்துப் பிழைத்த விளையாட்டு. காப்பாற்றியவை பெரிய கிளப்கள் இல்லை, காசில்லாத சின்ன கிளப்கள். இதை மட்டும் நினைவில் வையுங்கள்.


நிலாமுற்றம் — சனி, இரவு 11.15

போய் வந்தோம்!! பிள்ளைகள் காரிலேயே தூங்கிவிட்டார்கள். மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் ஹீட்டில் தொடக்கக் கோட்டு நாடா மேலே எழும்பி நாலு பேரும் முதல் வளைவுக்குள் போனபோது நான் பெரியவளின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். அந்த வாசனை இருக்கிறதே, மெத்தனாலா அது? இன்னும் மூக்கில் இருக்கிறது. முதல் நாலு ஹீட் அப்படியே பறந்தது.

பிறகு ஒருவர் விழுந்தார். எழுந்து உட்கார்ந்தார், ஆம்புலன்ஸ் வந்தது. அது சரி, அவர் நலமாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு முப்பத்தைந்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் பாட்டு. பக்கத்தில் நின்ற பெரியவர்தான் சொன்னார், ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, அடுத்தது வரும்வரை ஓட்ட முடியாது என்று. எவ்வளவு நல்ல விதி! அதை மைக்கில் ஒரு வரியில் சொல்லியிருந்தால் நாங்கள் பொறுமையாக நின்றிருப்போமே. எங்கள் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் கிளம்பிப் போய்விட்டது.

இன்னொன்று. சிவப்பு, நீலத் தொப்பி நம் அணி, வெள்ளை, மஞ்சள் வந்தவர்கள் என்று எனக்கு ஐந்தாவது ஹீட்டில்தான் விளங்கியது. அதுவரை சின்னவன் எதிரணிக்குக் கை தட்டிக்கொண்டிருந்தான். புரோகிராமில் கட்டம் கட்டமாக எண்கள், அதை எப்படி நிரப்புவது என்று எங்கும் போடவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள், பரீட்சை அறை மாதிரி. அந்தப் பெரியவர்தான் தன் பேனாவைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்தார். அவர் இல்லையென்றால் நான் ஏழாவது ஹீட்டில் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இரண்டரை மணி நேரம் நின்றதில் பைக் ஓடியது மொத்தம் பதினைந்து நிமிஷம். மிச்ச நேரத்தில் டிராக்டர் பார்த்தோம். சின்னவனுக்கு டிராக்டர்தான் ரொம்பப் பிடித்தது, அது வேறு விஷயம்.


ஷேல் புழுதி — ஞாயிறு, காலை 7.10

டிராக்டரைப் பாராட்டிய முதல் ரசிகன். அவனுக்கு என் வணக்கம்.


நான்காம் வளைவு — ஞாயிறு, காலை 9.30

நிலாமுற்றம் எழுதியதை மூன்று தடவை படித்தேன். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது.

பதினான்கு வருஷமாக நான்காவது வளைவில் நிற்கிறேன். எத்தனையோ பேர் புதிதாகப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். குழம்பிப்போய் அங்குமிங்கும் பார்ப்பார்கள். நான் என் புரோகிராமில் புள்ளி எழுதிக்கொண்டிருப்பேன். ஒருவருக்காவது பேனா கொடுத்தேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை என்பதையும் கவனித்ததில்லை.

நிலம் என் கையில் இல்லை. போலந்து லீக்கின் நாள் என் கையில் இல்லை, மழையும் இல்லை. கணக்கப்பிள்ளை அண்ணாவின் கணக்கில் நஷ்டத்துக்கும் இழுபறிக்கும் நடுவில் நிற்பது முந்நூறு பேர். அந்த முந்நூறு பேரும் ஒரு தடவையாவது வந்து பார்த்துவிட்டுப் போனவர்களாகத்தான் இருப்பார்கள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.


கணக்கப்பிள்ளை — ஞாயிறு, காலை 10.05

தம்பி, பேனா கொடுத்தால் வாடகை குறையாது. குத்தகை எப்போது முடிகிறது என்று உங்கள் புரமோட்டரிடம் நேராகக் கேளுங்கள். அடுத்த வருஷம் என்றால் உள்ளூர் மன்ற உறுப்பினரை இப்போதே போய்ப் பார்க்க வேண்டும், கடைசி மீட்டிங்குக்குப் பிறகு மனு எழுதிப் பயனில்லை. மற்றபடி முந்நூறு பேர் விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை.


பதிமூணு ஸ்பேனர் — ஞாயிறு, காலை 10.40

ஆக்ஸ்போர்டை மறந்துவிடாதீர்கள். 2012ல் பூட்டிய ஸ்டேடியம், 2022ல் திரும்ப ஓடியது. லெஸ்டர் 1983ல் பழைய இடத்தை இழந்து 2011ல் புது இடத்தில் வந்தது. வொர்கிங்டன்கூட 2023ல் வேறு டிராக்கில் திரும்பியது. இருபத்தெட்டு வருஷம் ஒரு ஊர் காத்திருந்தது என்றால் என்ன சொல்ல.


பழைய ஸ்டாண்டு — ஞாயிறு, காலை 11.20

எனக்கு இருபத்தெட்டு வருஷம் காத்திருக்க வயதில்லை தம்பி. இப்போது இருப்பதைப் பாருங்கள்.


நான்காம் வளைவு — திங்கள், இரவு 8.50

புரமோட்டரிடம் பேசினேன். குத்தகை இன்னும் இரண்டு சீசன் இருக்கிறது. மன்ற உறுப்பினரை அவர் இதுவரை பார்த்ததில்லை, நான் வந்தால் சேர்ந்து போகலாம் என்றார். அடுத்த செவ்வாய் நேரம் கேட்டிருக்கிறோம்.

மைக் பற்றியும் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, விழுந்தவர் எப்படி இருக்கிறார், ஏன் தாமதம் என்று இனி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லச் சொல்கிறேன் என்றார். தொப்பி நிறத்தையும் புள்ளி எழுதும் விதத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் புரோகிராமில் முதல் பக்கம் போடுகிறேன் என்றார். நிலாமுற்றம் தங்கச்சி, அதை நீங்கள்தான் எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு எது புரியாது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.


நிலாமுற்றம் — திங்கள், இரவு 9.15

எழுதித் தருகிறேன் அண்ணா. ஒரு சந்தேகம் மட்டும். தன் அணிக்காரனுக்குப் பின்னால் வந்தால் போனஸ் புள்ளி என்று அந்தப் பெரியவர் சொன்னார். அது அணியின் மொத்தத்தில் சேருமா சேராதா?


பதிமூணு ஸ்பேனர் — திங்கள், இரவு 9.18

சேராது. ரைடரின் கூலியில் மட்டும் சேரும்.


நிலாமுற்றம் — திங்கள், இரவு 9.20

அப்படியென்றால் சின்னவன் போட்ட கூட்டல் தப்பு. பாவம், நம் அணி ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டு தூங்கினான்.


நான்காம் வளைவு — புதன், இரவு 10.10

நாளைக்கு மதியம் வரை மேகம், சாயங்காலம் மழை இல்லை என்று காட்டுகிறது. ஷேல் புழுதி, உங்கள் ஆட்கள் யாராவது எங்கள் பக்கம் வந்தால் சொல்லுங்கள், நாலு மணிக்கு ரேக் பிடிக்க ஆள் போதவில்லையாம், நானும் அரைநாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். பேனா ஒரு டஜன் வாங்கிவிட்டேன்.